கொழுக்கட்டை மொட்டு

தில்லியில் வாடகைக்கு வீடு தேடும் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டுக்காரர்கள் நம் சாப்பாட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க மாட்டார்கள். ‘மதராஸி’ என்று தெரிந்ததுமே அவர்கள் மனக்கண்ணில் ஓர் இட்லி வந்து உட்கார்ந்துவிடும். இட்லி தின்கிறவன் மீன் தின்னமாட்டான் என்பது அங்கே யாரும் சோதித்துப் பார்க்காத உண்மை. நானோ தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை ஊர். எங்கள் ஊரில் மீன் இல்லாத நாளை நோன்பு என்று சொல்வோம். இதையெல்லாம் கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபி அம்மாளுக்கு விளக்க என் ஹிந்தி போதாது. போதுமானாலும் வீடு கிடைக்காது.

அந்த வீடு எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் மாடியில் குடியிருந்த அண்ணாச்சியால். திருநெல்வேலிச் சைவர். மத்திய அரசில் உத்தியோகம் பார்த்து, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பாதி வாழ்க்கையைக் கழித்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குப் போக மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வு அவருக்குத்தான், அவருடைய குரலுக்கு இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை என்றாலும் ஃபைலில் குறிப்பு எழுதுகிற தோரணையில்தான் பேசுவார். வீட்டுக்காரி கீழ்த்தளத்தில் இருந்தாள். எல்லாரும் அவளை ஆன்ட்டிஜி என்போம். முதல் மாடி காலியாகிறது என்று தெரிந்ததும் அண்ணாச்சி எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆன்ட்டிஜியின் முன்னால் நிறுத்தினார்.

நிறுத்துவதற்கு முன்னால் மாடிப்படியில் வைத்து என்னிடம் கேட்டார். “நீங்க சைவம்தானேம்மா?”

“இல்ல அண்ணாச்சி. மீன் சாப்பிடுவோம்.”

அவர் ஒரு படி ஏறி, ஒரு படி இறங்கி யோசித்தார். பிறகு நேரே போய் ஆன்ட்டிஜியிடம், “பியூர் வெஜ், ஜி. ஹண்ட்ரட் பர்சென்ட்” என்றார். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். “வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம். வெளிய போயி என்னமும் தின்னுங்க. நம்ம ஊருப் பிள்ளைன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதைக் காப்பாத்திருங்க.”

நான் தலையாட்டினேன். என் கணவர் எனக்கு முன்னாலேயே ஆட்டிவிட்டிருந்தார். ஏற்கெனவே அடிக்கடி வீடு மாறிச் சலித்துப்போன மனிதர் அவர். நடுரோட்டில் கட்டிலும் பீரோவுமாக நிற்பதைவிட வாழ்நாள் முழுக்கக் கத்தரிக்காய் தின்பது மேல் என்ற முடிவுக்கு வந்திருந்தார். எனக்கு வேறு காரணம் இருந்தது. சமையலறைக்கு வெளியே ஒரு பால்கனி. அதன் கம்பிக்கு வெளிப்பக்கம் தொட்டிகள் வைக்க நீளமாக ஓர் இரும்புச் சட்டம். காலை வெயில் முழுசாக அதில் விழும். கரோல் பாக்கில் அப்படி வெயில் விழும் பால்கனி கிடைப்பது, கூட்டமான மெட்ரோவில் ஜன்னலோர இடம் கிடைப்பது மாதிரி. அதற்காக மீனை விட்டேன். சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினேன். முட்டைகூட வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ ஏறிப் போய் ஒரு மலையாளி மெஸ்ஸில் மீன்குழம்பு சாப்பிடுவோம். திரும்பி வரும்போது மாடிப்படிக்குக் கீழேயே நின்று இருவரும் சோம்பு மெல்லுவோம். கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வருகிற குடிகாரனுக்குக்கூட அவ்வளவு பயம் இருக்காது.

செடி விஷயத்துக்கு வருகிறேன். தில்லியில் செடி வளர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். மே மாதத்து அனல்காற்று ஒரு தடவை எல்லாவற்றையும் கொல்லும். தப்பியதை ஜனவரிப் பனிமூட்டம் கொல்லும். ஆனாலும் மார்ச் மாதம் வந்தால் ஆளாளுக்கு நர்சரிக்கு ஓடுவார்கள். அண்ணாச்சியின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொரு டிசம்பரிலும் துளசிக்குச் சால்வை போர்த்துவார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் சால்வை மட்டும் நிற்கும். அதற்குள் கரிந்த குச்சி ஒன்று இருக்கும். நான் இந்த அழுகையெல்லாம் வேண்டாமென்று, உடம்புக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்காமல் வாழ்கிற சதைப்பற்றுச் செடிகளாக வளர்த்து வந்தேன். கற்றாழை, கள்ளி வகைகள். சொந்தக்காரர்களைவிட அவை மேல். மாதத்துக்கு இருமுறை கவனித்தால் போதும்.

நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளில் நவராத்திரி. மதினி வீட்டுக் கொலு அக்கம்பக்கத் தமிழர்களிடம் பிரசித்தம். அதைவிடப் பிரசித்தம் வெற்றிலை பாக்கோடு அவர் கொடுக்கும் பொருள். பிளாஸ்டிக் டப்பா காலம், எவர்சில்வர் கிண்ணக் காலம் எல்லாம் போய், அந்த வருஷம் மதினிக்குச் சுற்றுச்சூழல் அக்கறை வந்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு செடி. நர்சரியில் போய், “பையா, குச் ஷுப் சீஸ் தேதோ” என்று மங்கலமான ஒன்றைக் கேட்டிருக்கிறார். நர்சரிக்காரன் தன்னிடம் விற்காமல் கிடந்த ஒன்றை மொத்தமாகத் தலையில் கட்டியிருக்கிறான். இலையே கிடையாது. விரல் தடிமனில் நாலு பட்டையாக, வெல்வெட்டைத் தொட்டது போன்ற பச்சைக் குச்சிகள்.

“பிரண்டைன்னு துவையல் அரைச்சிராதிய” என்று மதினி ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். “இது தெய்வச் செடியாம். நட்சத்திரம் மாதிரி பூக்குமாம். பூத்த வீட்டுக்கு மகாலட்சுமி வந்திருவாளாம். அந்தப் பையா சத்தியம் பண்ணிச் சொன்னான்.”

சரக்கு விற்கிறவன் சத்தியம் பண்ணாமல் வேறு யார் பண்ணுவார்கள்?

மகாலட்சுமி வருவாள் என்றதும் எல்லாரும் செடியை அன்பால் கொன்றார்கள். மதினி தினமும் காலையில் குளித்துவிட்டு அதற்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார். தூர் கறுத்து, கூழாகி, சில வாரத்தில் தொட்டியோடு உட்கார்ந்துவிட்டது. மற்ற வீடுகளிலும் அதே கதைதான். என்னுடையதிலும் ஒரு பக்கம் அழுகத்தான் தொடங்கியது, நர்சரி மண் களிமண்ணாக இருந்ததால். நான் நல்ல குச்சி ஒன்றை ஒடித்து, ஒடித்த இடம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் சும்மா போட்டு வைத்தேன். கரோல் பாக்கில் எப்போதும் யாராவது ஒரு வீட்டை இடித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் இருப்பார்கள். பக்கத்து மனையில் கேட்டுப் பருமணல் ஒரு பை, உடைந்த செங்கல் கொஞ்சம் வாங்கி வந்து மண்தொட்டியில் நிரப்பி அந்தக் குச்சியை நட்டேன். குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. பனிமூட்டம் இறங்கினால் உள்ளே எடுத்து வைப்பேன். பட்டைகளின் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி வந்தபோது வேப்பெண்ணெயில் திரியை நனைத்துத் துடைத்துவிட்டேன். கோடையில் என் கணவரின் பழைய வேட்டியை மேலே பந்தலாகக் கட்டினேன். ஒரு வாரம் கட்ட மறந்ததில் பச்சை நிறம் மாறிச் செம்புக் கலரில் முறைத்தது. மறுபடி கட்டியதும் சமாதானமாகிவிட்டது. மழைக்காலத்தில் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் கவனிப்பு. ஒரே குச்சி தொட்டி நிறையக் கிளைத்தது.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், குச்சி ஒன்றின் அடியில் மொட்டு வந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு. பிறகு நெல்லிக்காய். பிறகு அது நிற்கவில்லை. காற்று ஊதியதுபோல் உப்பி, வெளிர் மஞ்சள் நிறத்தில், ஐந்து மடிப்புகளும் மேலே ஒரு முனையில் போய்க் கூடுகிற மாதிரி வளர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அச்சாகக் கொழுக்கட்டை. மாவைக் கிண்ணமாக்கி, பூரணம் வைத்து, மடித்து மடித்து மேலே கூர் பிடித்து நிறுத்துவோமே, அதேதான்.

இதில் ஒரு விபரீதம், வந்த வாரம் விநாயக சதுர்த்தி வாரம்.

மதினி வெல்லம் கேட்டு வந்தவர் பால்கனியில் அதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “ஏ தாயி! பிள்ளையாரு கொழுக்கட்டையைத் தானே செஞ்சு எடுத்துக்கிட்டுல்லா வந்திருக்காரு!”

“மொட்டு மதினி.”

“மொட்டா? நல்லாப் பாருங்க, எத்தனை மடிப்பு இருக்கு. நான் பிடிச்சாக்கூட இவ்வளவு ஒழுங்கா வராது.” பிறகு சற்று நிறுத்தி, “நான் குடுத்த செடிதானே இது?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குச் சனி பிடித்தது. தான் கொடுத்த செடி என்றால் தெய்வம் வந்ததும் தன்னிடம்தான், வழியில் தவறிப்போய் ஒரு மாடி கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். சதுர்த்திக்குத் தொட்டியை மேலே கொண்டுபோய்ப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தே ஆகவேண்டும் என்றார். மொட்டு விட்ட செடியை இடம் மாற்றினால் மொட்டு உதிர்ந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி வந்து, “தெய்வ காரியத்துக்கு நாம குறுக்க நிக்கப்பிடாதும்மா” என்றார். நான் குறுக்கே நிற்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த வாரம் எங்களுடைய பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அண்ணாச்சியின் வாய்ச்சொல் வேண்டும். தூக்கிக்கொண்டு போங்கள் என்று விட்டுவிட்டேன்.

சதுர்த்தியன்று மேல்மாடியில் கூட்டம். களிமண் பிள்ளையார், அவர் கழுத்தில் எருக்கமாலை, வலப்பக்கம் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் என் தொட்டி. மண்தொட்டிக்குப் பட்டுத்துணி சுற்றி, மொட்டுக்கு நேர்கீழே குங்குமப் பொட்டு. ஆன்ட்டிஜி முதல் வரிசையில் தரையில் உட்கார முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கின் சூடோ, கூட்டத்தின் சூடோ, அண்ணாச்சி அகவல் சொல்லிக்கொண்டிருந்தபோது மொட்டின் முனை பிரிந்தது. கண்முன்னாலேயே ஐந்து இதழும் மெல்ல மெல்லப் பின்னால் வளைந்து, உள்ளங்கையைவிடப் பெரிய நட்சத்திரமாக விரிந்தது. வெளிர் மஞ்சளில் மயிரிழை மாதிரி செந்நிறக் கோடுகள். ஓரத்தில் மெல்லிய ரோமம். ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கே கண் கலங்கியது. நான் வளர்த்தது அல்லவா!

மூச்சு விட்ட பிறகுதான் தொல்லை.

முதலில் லேசாக, யாரோ சாக்ஸைக் கழற்றியதுபோல. பிறகு, பரணில் எலி செத்து மூன்று நாள் ஆனால் வருமே, அது. ஊதுபத்தி, கற்பூரம், நெய், வெல்லம் எல்லாவற்றையும் பிளந்துகொண்டு வந்தது. ஒருவர் ஒருவரைப் பார்த்தார்கள். ஒரு மாமி குழந்தையின் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தாள். பூரணக் கொழுக்கட்டையில் ஓர் ஈ உட்காரவில்லை. பச்சை முதுகுப் பெரிய ஈக்கள் எல்லாம் நேரே போய்ப் பூவின் நடுவில் உட்கார்ந்தன. மதினி அவற்றை விசிறியால் மரியாதையாக விரட்டினார். அத்தனை மூக்கு அங்கே இருந்தது. ஈக்கு இருந்த நேர்மை ஒன்றுக்கும் இல்லை. பிள்ளையார் அனுப்பிய பூ நாறுமா? நாறாது. அப்படியானால் வேறு ஏதோ நாறுகிறது. அந்த வேறு ஏதோ எங்கே இருக்கும்?

ஆன்ட்டிஜி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “யே கைசி பத்பூ ஹை?” என்று நாற்றத்தைப் பற்றி அண்ணாச்சியிடம் கேட்டாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பதினோரு மாதமாக ஒரு கருவாட்டுத் துண்டுக்குக்கூட வாசலைக் காட்டாதவள் நான். அது அவருக்குத் தெரியும். நாங்கள் சோம்பு மென்றுகொண்டு படியேறுவதைப் பார்த்து, “காப்பாத்திட்டிய” என்று அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி ஹிந்தியில் சொன்னார். “கீழேயிருந்துதான் வருகிறது, ஜி. அவர்கள் சமுத்திரக்கரைக்காரர்கள். என்னதான் சொன்னாலும் பழக்கம் போகாது.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். அது பட்டுத்துணி சுற்றிக் குங்குமப் பொட்டோடு என் எதிரேதான் உட்கார்ந்திருந்தது, அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஆன்ட்டிஜி எழுந்து படியிறங்கினாள். நாற்காலியிலிருந்து எழவே இருவர் கைகொடுக்க வேண்டிய அம்மாள், அன்று குமரி மாதிரி இறங்கினாள். பின்னாலேயே பாதிக் கூட்டம். என் சமையலறையில் எந்த நாற்றமும் இல்லை. ஏன் இருக்கும்? நாறுவது மேலே அல்லவா இருக்கிறது! ஆனால் ஆன்ட்டிஜி காற்றை இழுத்து முகர்ந்துவிட்டு, “பார், ஒன்றுமே வரவில்லை. ஊதுபத்தி கொளுத்தி மறைத்திருக்கிறாள்” என்றாள். நாறியிருந்தாலும் குற்றம், நாறாவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம். ஃபிரிட்ஜைத் திறந்தாள். தோசை மாவு, தயிர், பாதி வெட்டிய சுரைக்காய். பருப்பு டப்பாக்களைத் திறந்தாள். கடைசியில் நான் விடியற்காலையில் எழுந்து சாமிக்காகக் கொழுக்கட்டை அவித்த இட்லிப் பானையின் மூடியைத் தூக்கி, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்தாள்.

வேறு எதையும் பொறுத்திருப்பேன். என் பானைக்குள் இன்னொருத்தி மூக்கை விட்டு முகர்ந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது, அதுவும் அவர்கள் முன்னால். அதைக் குற்றவாளியின் கண்ணீர் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

“இந்த மாதத்தோடு காலி பண்ணிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு ஆன்ட்டிஜி போனாள்.

எல்லாரும் போன பிறகு என் கணவர் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், “எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு. நெத்திலிய எங்க வச்சிருக்க?” என்றார். குரலில் கோபத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. அவருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் மேல்மாடியில் நாற்றம் இன்னும் முற்றிவிட்டது. மதினி எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு, “கீழ இன்னும் அதைத் தூரப் போடலபோல” என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. நான் அப்போதுதான் யோசித்தேன். கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. கோபம் ஆறித் தூங்கி எழுந்தால் நன்றாகவே வேலை செய்யும். கொழுக்கட்டையை விட்டுவிட்டு ஈ எங்கே போனது என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். விறுவிறு என்று படியேறினேன்.

மேலே பூஜை இடத்தில் மதினியும் அண்ணாச்சியும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். “அண்ணாச்சி, ஒரே ஒரு உதவி. அந்தப் பூவுக்குக் கிட்டப் போயி ஒரு தடவை மோந்து பாருங்க” என்றேன்.

“சாமிப் பூவை மோந்து பாக்கப்பிடாதும்மா. தோஷம்” என்றார் மதினி.

“வாக்குக் குடுத்தது அண்ணாச்சி. வாக்கு போச்சான்னு அவரே பாக்கட்டும். இல்லன்னா நான் தொட்டியைத் தூக்கிட்டுப்போயி ஆன்ட்டிஜி மடியில வைப்பேன்.”

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அண்ணாச்சி துண்டை அவிழ்த்தார். விசாரணை அதிகாரி ஆவணத்தைப் பரிசோதிக்கிற மாதிரி குனிந்து, பூவுக்கு அரை ஜாண் தூரத்தில் மூக்கை வைத்து ஆழ இழுத்தார். அப்படி இழுத்திருக்கக் கூடாது. கண்ணிரண்டும் பிதுங்கின. பின்னால் நகர்ந்தவர் குத்துவிளக்கில் இடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். ‘தப்பும்மா’ என்று ஒரு வார்த்தை.

“என்னங்க, என்ன வாசனை?” என்று மதினி கேட்டார்.

பூ நாறுகிறது என்றால் பிள்ளையார் நாறுகிறார். மனைவி ஊரெல்லாம் கொடுத்த தாம்பூலம் நாறுகிறது. நேற்று அவர் கொடுத்த தீர்ப்பு நாறுகிறது. அண்ணாச்சி நிமிர்ந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மூலிகை வாசனை” என்றார்.

“மூலிகையா?”

“ஆமா. கொஞ்சம் காட்டமான மூலிகை. மலைப்பக்கத்து மூலிகை எல்லாம் இப்படித்தான் இருக்கும். மோந்தா மூட்டுவலிக்கு நல்லதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்.” யாரிடம் கேள்விப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவரே சொல்லி அவரே கேட்டதுதான்.

அரைமணி நேரத்தில் செய்தி கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது. ஆன்ட்டிஜி தன் குடும்பப் பண்டிதருக்குப் போன் போட்டாளாம். அவர் பூவைப் பார்க்காமலேயே, அது இமயமலை மூலிகை, ஜடிபூட்டிதான், பதினாறு ஜன்ம புண்ணியம் என்று சொல்லிவிட்டாராம். அதே நாற்றம், ஒரு மணி நேரம் முன்னால்வரை என்னை வீட்டைவிட்டுத் துரத்திய நாற்றம், இப்போது வீட்டுக்கு வந்த பாக்கியமாகிவிட்டது. ஆன்ட்டிஜி படியேறி வந்து ஆழமாக மூச்சிழுத்து, வாயால் விட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கும் மூட்டுவலி.

ஒருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆன்ட்டிஜி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாள். அப்போதும், “நடந்ததை நான் மறந்துவிட்டேன், பேட்டா” என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னாள். அண்ணாச்சி அதற்கும் ஒரு படி மேலே போய், “சரி விடுங்கம்மா, இனிமே பாத்து நடந்துக்கிடுங்க” என்றார். பார்த்து நடந்துகொள்ளாமல் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பானை முகரப்பட்டது எனக்குத்தான். பெரிய மனசு எல்லாம் அவர்களுக்கு. பிள்ளையாரை வாளித் தண்ணீரில் கரைத்த அன்று தொட்டியும் கீழே வந்து சேர்ந்தது. “உங்க கைராசிக்குத்தானே பூத்திச்சு, உங்க வீட்லயே இருக்கட்டும்” என்று மதினி மூச்சைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஓட்டமாக மேலே போனார்.

அதற்குப் பிறகு இரண்டு மொட்டுகள் விரிந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள் நாறும், பிறகு சுருங்கி விழுந்துவிடும். அந்த நாட்களில் பால்கனிக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே இருப்போம். மேல்மாடியில் மதினியும் ஆன்ட்டிஜியும் முழங்காலை நீட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பார்கள். மூட்டுவலி குறைகிறது என்று மதினி சத்தியம் பண்ணினார். அண்ணாச்சி மட்டும் அந்த நாட்களில் எப்படியோ வெளி வேலை உண்டாக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவார்.

மூன்றாவது பூ உதிர்ந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மலையாளி மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வரும் வழியில், பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். என் கணவர் கடை வாசலிலேயே வியர்த்துவிட்டார். “பைத்தியமா? மறுபடியும் வீடு தேடணுமா?” என்றார்.

“சும்மா வாங்க” என்றேன். படிக்குக் கீழே அவர் சோம்பு எடுத்து நீட்டினார். வாங்கவில்லை.

அடுத்த நாள் எங்கள் இருவருக்கும் விடுமுறை. நட்ட நடுப்பகல். கருவாட்டைச் சுடுதண்ணீரில் கழுவி, மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் பிரட்டி, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காயவைத்துப் போட்டேன். என் கணவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். நான் போய்த் திறந்தேன். பால்கனிக் கதவையும் இரண்டு பக்கமும் விரியத் திறந்து செங்கல் வைத்தேன். பதினோரு மாதம் வாக்கைக் காப்பாற்றியபோது என்னைத் திருடி என்றார்கள். இனி அந்த வாக்குக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருவாட்டு வாசனை நேரே மேலே போயிற்று, என்ன ஒரு மணம்!

மேல் பால்கனியில் வளையல் சத்தம் கேட்டது. “என்ன தாயி, பூ விரிஞ்சிட்டோ?”

“ஆமா மதினி.”

“இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கே!”

“ரெண்டு விரிஞ்சிருக்கு மதினி.”

கீழே ஆன்ட்டிஜியின் கதவு திறக்கிற சத்தமும் அவள் இரைந்து மூச்சிழுக்கிற சத்தமும் கேட்டன. நான் கரண்டியோடு பால்கனிக்கு வந்து நின்றேன். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு மதினி கண்ணை மூடியிருந்தார். பின்னால் அண்ணாச்சி வந்தார். மனிதர் திருநெல்வேலியில் வளர்ந்தவர். சைவராக இருக்கலாம். பக்கத்து வீடுகளெல்லாம் சைவமா இருந்திருக்கும்? மூக்கில் ஏறிய அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எட்டிக் கீழே பார்த்தார். இரும்புச் சட்டத்தில் என் தொட்டி அவருடைய கண்ணுக்கு நேர்கீழே இருந்தது. பூ இல்லை, மொட்டுகூட இல்லை, வெறும் பச்சைக் குச்சிகள். அதற்குப் பக்கத்தில் நான், கையில் எண்ணெய் சொட்டும் கரண்டி.

அவர் என்னையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

“ஏங்க, மூலிகைதானே?” என்றார் மதினி, கண்ணைத் திறக்காமலே.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“மூலிகைதான்” என்றார்.

நான் உள்ளே போய்க் கருவாட்டைத் திருப்பிப் போட்டேன்.